டெல்பா படகுல ஏறமாட்டா

இல்லங்க, டெல்பா ஆத்துல விழல. கால் வழுக்கிச்சு, தண்ணியில உக்காந்தா, எந்திரிச்சா. அவ்வளவுதான். அத வெச்சுத்தான் எங்க பொண்ணு கோரின் போன வாரம் ஆரம்பிச்சா.

"அம்மா, முட்டியில ஆபரேஷன் ஆயிருக்கு. இப்பப் பேத்தி வேற வந்தாச்சு. இனி டெலவேர் ஆத்துல நிக்காத. அப்பாவோட படகுல போ, இல்ல வீட்ல இரு."

பேத்தி பொறந்து ஒம்பது நாளுதான். என் சுண்டுவிரலப் புடிச்சான்னா விடமாட்டா, அம்புட்டு பலம்! சரி, அது அப்புறம்.

என் பொண்டாட்டி டெல்பா முப்பது வருசம் ஸ்கூல் பஸ் ஓட்டினவ. ஏப்ரல்ல ஷாட் மீன் முட்ட போடக் கடல்லேருந்து ஆத்துல ஏறும்போது, முள்ளுல இறகு கட்டின தூண்டிலோட கரையோரத் தண்ணியில நிப்பா. நான் நடு ஆத்துல, படகுல.

"அங்க ஒக்காந்து நூலத் தொங்கவிடறியே, அது மீன் பிடிக்கறதாய்யா? துணி காயப்போடறது!"ம்பா.

கோரின்கிட்டயும் அப்படித்தான் பேசினா. "ஞாயித்துக்கெழமைக்குள்ள கரையில நின்னு ஒரு சினை மீன் பிடிக்கறேன். இல்லேன்னா படகுல ஏறிடறேன். பிடிச்சிட்டா ஒருத்தரும் வாயத் தொறக்கக் கூடாது." கோரினும் சரின்னுட்டா.

சனிக்கெழம வரைக்கும் ஒண்ணும் மாட்டல. மேல மலையில மழ. ஞாயித்துக்கெழம காலையில ஆறு கலங்கி, ரெண்டடி ஏறிக் கெடந்துச்சு. நாங்க பதினோரு படகு, வழக்கம்போல நடு ஆழத்துல வரிசையா நங்கூரம் போட்டோம். இழுப்பு ஜாஸ்தியானா மீன் கரையோரமாத்தான் ஏறும். எங்க எல்லாத்துக்கும் தெரியும். தெரிஞ்சும் போய் உக்காந்தோம்.

அவ கணுக்கால் தண்ணியில நின்னா. எட்டு மணிக்குக் கம்பு வளைஞ்சுது.

"நான் வரட்டா? கைவலை இருக்கு!"ன்னு கத்தினேன்.

"அங்கயே கெட! உன் துடுப்புச் சத்தத்துக்கே ஓடிடும்!"

ஷாட் மீன் வாய் காகிதம் மாதிரி. வெடுக்குன்னு இழுத்தா கிழிஞ்சு போயிடும். அது தண்ணியோட கீழ ஓட ஓட, இவளும் கரையிலேயே கூட நடந்தா, அந்த முட்டிய வெச்சுக்கிட்டு. பக்கத்துப் படகு ஃபெரிஸ் சிரிச்சான்: "ஒன் வீட்டம்மாவ நம்மள மாதிரி யாரும் நங்கூரம் போட்டுக் கட்டல, அதான்!"

கடைசியில ரெண்டு கையாலயும் தூக்கிக் காட்டினா. வயிறு நெறஞ்ச சினை மீன். கோரின் கரை மேல புள்ளயத் தோள்ல போட்டுக்கிட்டுப் பாத்துக்கிட்டிருந்தா. வாயத் தொறக்கல. சொன்ன சொல்லு சொன்னதுதானே.

டெல்பா புள்ளையோட மூக்குக்கிட்ட மீன நீட்டினா. அப்புறம் என் பக்கம் திரும்பி, ஆறு முழுக்கக் கேக்கறாப்புல கத்தினா:

"நங்கூரத்தத் தூக்குய்யா! இங்க இன்னும் ஒரு ஆளு நிக்க எடமிருக்கு!"