பொத்தானில் ஒட்டிய டேப்

வீட்டில் அவளுக்குப் பெயர் தொடைநடுங்கி. கதவைப் பூட்டினால் பூட்டை இழுத்துப் பார்க்காமல் தெருவில் இறங்கமாட்டாள். அவள் தலையில் போய், கல்லூரி மாணவர்கள் சேர்ந்து செய்த நிலாக் கேமராவின் பொறுப்பைக் கட்டிவிட்டார்கள். உள்ளங்கையளவு பெட்டி. நிலவில் இறங்கும் விண்கலம் கடைசி நேரத்தில் அதை வெளியே தள்ளிவிடும். கலம் இறங்குவதை அது விழும்போதும் விழுந்த பிறகும் படம் பிடிக்கவேண்டும்.

கலத்துக்குள் இருக்கும்வரை அதன் பொத்தான் அமுங்கியே இருக்கும்; வெளியே வந்ததும் விடுபட்டுக் கேமரா விழிக்கும். சோதனையின்போது விழித்துத் தொலைக்காமலிருக்கப் பொத்தானை அமுக்கி டேப் ஒட்டுவார்கள். உரித்த டேப்பை மறக்காமல் தன் கோட்டுக் கையில் ஒட்டிக்கொள்வது அவள் வழக்கம். கேமராவைக் கலத்துக்குள் வைத்து மூடிய அன்று கோட்டைச் சலவைக் கூடையில் எறிந்துவிட்டு வந்தாள். பேருந்தில் உட்கார்ந்த பிறகுதான் சந்தேகம் வந்தது. கோட்டில் டேப் இருந்ததா? நினைவே இல்லை. கோட்டு இந்நேரம் சலவைக்குப் போயிருக்கும். இனி யாராலும் திறந்து பார்க்கவும் முடியாது.

அக்காவிடம் மட்டும் சொன்னாள். அந்தக் கலத்துக்குக் கால் பூட்டியவர்களில் அக்காவும் ஒருத்தி.

"டேப்பை எடுத்தேனான்னே தெரியலக்கா."

"எடுத்திருப்பேடி. நான் காலையே பூட்டிட்டு நிம்மதியாத் தூங்கறேன். நீ ஒரு டேப்புக்கு உயிரை விடறே."

ராக்கெட் கிளம்பியது. அவளுக்குச் சோறு இறங்கவில்லை. கூட்டாளிகளின் முகத்தைப் பார்க்கவே பயந்தாள்.

தரையிறங்கும் நாளில் அக்காவும் தங்கையும் கட்டுப்பாட்டுக் கூடத்தில் அருகருகே உட்கார்ந்திருந்தார்கள். இறங்கிக்கொண்டிருந்த கலத்திலிருந்து வந்த சிக்னல் பாதியில் நின்றது. "சிக்னல் போச்சு" என்று யாரோ கத்தினார். அவளுக்கு அது காதில்கூட ஏறவில்லை. அவள் திரையில் கேமரா விழித்திருந்தது. நிலவைச் சுற்றும் துணைக்கோள் வழியாகப் படம் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது.

"வந்துடுச்சு! வந்துடுச்சுக்கா!" என்று துள்ளிக் குதித்தாள்.

வேறு யாரும் சிரிக்கவில்லை. அப்போதுதான் படத்தை ஒழுங்காகப் பார்த்தாள். புழுதிக்குள் கலம் ஒருக்களித்துக் கிடந்தது. ஒரு கால் மடங்கியிருந்தது. இரண்டு கையாலும் திரையைப் பொத்தினாள்.

"கையை எடுடி. பெருசாக்கு."

"வேணாங்க்கா."

"காலுல நம்பர் இருக்கும். மூணு என்னுது."

கையை எடுத்துப் பெரிதாக்கினாள். கேமரா அப்பழுக்கில்லாமல் வேலை செய்திருந்தது. மடங்கிய காலில் மூன்று என்ற எண் பளிச்சென்று தெரிந்தது. அக்கா அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள், பிடியை விடவே இல்லை.