செம்மறிக்கு வந்த அருள்

வாயற்ற உயிரின் நோவையும் கேளாமலே அறியும் பசுபதியின் திருவடிகளைச் சிந்தித்து, ஆனி உத்திரமாகிய இந்நன்னாளில் இதனை எழுதத் தொடங்குகிறேன்.

ஆம்பூரில் எங்கள் வீட்டில் ஒரு செம்மறிக் குட்டி வளர்ந்தது. தோல் தொழிற்சாலையில் நாள்தோறும் நூற்றுக்கணக்கான ஆட்டுத்தோல்களைப் புரட்டிப் போடும் என் தந்தை, தாயற்ற அந்தக் குட்டியை ஒருநாள் சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்தார். அவரும், எங்களோடு வாழ்ந்த அவருடைய தமக்கையாகிய அத்தையும், எட்டு வயதுச் சிறுமியான நானும் அதற்கு அடிமைகளானோம்.

மார்கழி விடியலில் பாடியபடி கோயிலை வலம்வரும் பிள்ளைகளுக்குத் தொன்னையில் சர்க்கரைப் பொங்கல் கிடைக்கும். என் பக்தியின் பெரும்பகுதி அந்தத் தொன்னையிலேயே இருந்தது. ஆயினும் பாதியைக் குட்டிக்கு ஊட்டாமல் நான் உண்டதில்லை.

மாதம் பாதி கடந்த ஒரு காலையில், குட்டி கழுத்தைப் பின்னுக்கு வளைத்து வானத்தையே நோக்கி நின்றது. தழையைக் காட்டியும் திரும்பவில்லை. அத்தை கைகூப்பினார்.

"மார்கழி மாசம்டி. சாமியப் பார்த்துடுச்சி."

தெருவே கூடிவிட்டது. குட்டியின் நெற்றியில் திருநீறு, கழுத்தில் வில்வ மாலை. பக்கத்து வீட்டுக்காரர் தம் மகனுக்கு எப்போது வேலை கிடைக்கும் என்று பணிவோடு கேட்டார். குட்டி தள்ளாடிப் போய்ச் சுவரில் முட்டியது.

"கெழக்கால முட்டுது. அப்ப மெட்ராஸ்லதான்" என்று மகிழ்ந்தார் அவர்.

வேலை முடிந்து வந்த தந்தை, அதன் கண்ணருகே விரலைக் கொண்டுபோனார். இமை அசையவில்லை.

"அக்கா, சாமியும் இல்ல, ஒண்ணும் இல்ல. இதுக்குக் கண்ணு தெரியல."

மாலையோடு அதைத் தூக்கிக்கொண்டு கால்நடை ஆஸ்பத்திரிக்கு ஓடினார். நாங்களும் பின்னே ஓடினோம்.

மருத்துவர் மாலையைப் பார்த்துச் சிரிக்கவில்லை. "மூளை வீங்கியிருக்கு. சோறும் வெல்லமும் ஜாஸ்தி ஆனா, வயித்துல ஊற வேண்டிய பி ஒன் சத்து கம்மியாயிடும். ஊசி போடறேன். பொழைக்குமான்னு இப்ப சொல்ல முடியாது. இன்னா போட்டீங்க? யாரு போட்டது?"

நான் தந்தையின் பின்னே ஒளிந்தேன். அத்தை முன்னே வந்தார்.

"நான்தான் சார். வீட்ல படைக்கிற பொங்கல தெனம் போட்டேன்."

என்னைக் காக்கவே அவர் பொய் சொல்கிறார் என்று உருகினேன். வாய் மட்டும் திறக்கவில்லை.

மூன்று நாள் ஊசி போட்டார்கள். நான்காம் நாள் குட்டி தந்தையின் முழங்காலை முட்டியது, பார்த்து முட்டியது. தந்தை முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். அது பிழைத்தால் இனிப் பொங்கலே தொடேன் என்று வேண்டியிருந்த அத்தை, அன்றுமுதல் தொடவில்லை. என் பிழைக்காக அவர் நோற்கிறார் என்று நம்பி, மார்கழிதோறும் அவர் பங்கையும் கண்ணீரோடு நானே உண்டுவந்தேன்.

அவருடைய முதுமையில் ஒருநாள், "எனக்காகப் பொய் சொன்னீங்களே அத்தை" என்றேன்.

அவர் திகைத்தார். "எது பொய்? நான்தானே போட்டேன். நீ எப்போடி போட்ட?"

சொன்னேன். அவர் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"அடிப் பாவி, அப்பவே சொல்லியிருந்தா பாதிப் பொங்கலாவது தின்னிருப்பேனே."

அவர் தம் குற்றத்தைத்தான் ஒப்புக்கொண்டார் என்பதும், என் பங்கான மறுபாதியையும் என் மௌனம் அவர் தலைமேல் ஏற்றியது என்பதும் அந்நாள்வரை எனக்கு விளங்கவில்லை.

இதனைப் படிப்போர் இல்லங்களில் மக்களும் ஆடுமாடுகளும் நோயின்றி வாழ்க. சொல்ல வேண்டிய உண்மை உரிய வேளையில் அவர்கள் நாவில் எழ இறைவன் அருள்க.