வாடகைச் சித்தி

பூப்யோங் சந்தையில் சாசுக்கின் தொடுகறிக் கடைக்கு மால்சுன் வேலைக்கு வந்து பல வருஷமாகியிருந்தது. கீரையை அவித்துப் பிழிவாள். நெத்திலியைக் கருகாமல் வறுத்தெடுப்பாள். முள்ளங்கியை ஒரே அளவாக நறுக்கிக்கொண்டு, சந்தையில் போகிறவர் வருகிறவரையெல்லாம் பார்த்துக்கொண்டிருப்பாள். பேச்சு மட்டும் வராது. வாடிக்கையாளர் விலை கேட்டால் விலை எழுதிய அட்டையைத் தொட்டுக் காட்டுவாள். பேரம் பேச ஆரம்பித்தால் குளிர்பெட்டிக்குப் பின்னால் போய் நின்றுகொள்வாள்.

"பேசாம இருக்கிறதுக்கு எவனாவது காசு கொடுத்தா நீ இந்நேரம் பணக்காரிடி," என்பாள் சாசுக்.

மால்சுனும் அவள் புருஷன் மான்போக்கும் பாங் அம்மாவின் கட்டடத்தில் அடித்தள வீட்டில் மாத வாடகைக்கு இருந்தார்கள். மான்போக் பேட்டைக்குள் சுற்றிவரும் சின்ன பஸ்ஸை ஓட்டினான். அந்த வீட்டில் பாதி தரைக்குக் கீழே இருந்தது. ஜன்னலைத் திறந்தால் தெருவில் நடப்பவர்களின் செருப்பு தெரியும். செருப்பைப் பார்த்தே இன்னார் வேலைக்குப் போகிறார், இன்னார் குடித்துவிட்டு வருகிறார் என்று மால்சுன் சொல்லிவிடுவாள். வெயில் மட்டும் அந்த ஜன்னலுக்கு வழி தெரியாமலே இருந்தது. துவைத்த போர்வை மூன்று நாளானாலும் ஈர வாசனை அடிக்கும். சுவரில் பூசணம் பூக்கும், துடைத்தால் மறுபடி பூக்கும்.

அதே கட்டடத்தின் மூன்றாம் மாடியில் தெற்குப் பார்த்த வீடு ஒன்று வரும் நவம்பர் கடைசியில் காலியாகப் போகிறது என்று தெரிந்தது. ஒத்திக்குத்தான் விடுவேன் என்று பாங் அம்மா முன்பே சொல்லியிருந்தாள். ஒரு பெரிய தொகையை முன்பணமாகக் கொடுத்துவிட்டால் மாத வாடகை கிடையாது, காலி செய்யும்போது பணம் முழுசாகத் திரும்ப வரும். மால்சுனும் மான்போக்கும் கல்யாணமான நாளிலிருந்து சேர்த்ததெல்லாம் அதற்குத்தான். இருந்தும் தொகை எட்டவில்லை.

"நவம்பருக்குள்ள முழுப் பணமும் வந்தா வீடு உனக்கு," என்றாள் பாங் அம்மா. "இல்லேன்னா ஒரு சின்னஞ்சிறுசுக ஜோடி கேட்டுக்கிட்டே இருக்கு. பணத்தைக் கையில வெச்சுக்கிட்டு நிக்குறாங்க. அப்புறம் என்கிட்ட வந்து அழக்கூடாது."

இதைக் கேட்ட சாசுக் அந்த ஞாயிற்றுக்கிழமையே மால்சுனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். போன இடம் ஒரு கல்யாண மண்டபம். பெண் வீட்டுப் பக்கமோ மாப்பிள்ளை வீட்டுப் பக்கமோ நாற்காலி காலியாகக் கிடந்தால் மானம் போய்விடும் என்று நினைக்கிறவர்கள் கூலிக்கு விருந்தாளிகளை அமர்த்துவார்கள். சாசுக் ஞாயிறுதோறும் யாருக்காவது ஒன்றுவிட்ட அத்தையாகப் போய்வந்துகொண்டிருந்தாள்.

"எனக்குப் பேச வராதே, அக்கா," என்றாள் மால்சுன்.

"யார் உன்னைப் பேசச் சொன்னா? உட்காரு, கைதட்டு, போட்டோவுக்கு நில்லு, சாப்பிடு, வா. நிறையப் பேசுறவளைத்தான் இந்த வேலையில வெச்சுக்க மாட்டாங்க. எனக்கே இரண்டு தடவை எச்சரிக்கை வந்திருக்கு."

உண்மைதான். மால்சுன் மாதிரி ஆள் அந்த வேலைக்குக் கிடைப்பது அரிது. எந்தக் குடும்பத்தின் நடுவில் நிறுத்தினாலும் அந்தக் குடும்பத்து முகமாகவே தெரிந்தாள். மணப்பெண் உள்ளே நுழையும்போது அவள் கண் தானாகக் கலங்கும். அது நடிப்பில்லை, அவளுக்கு எந்தக் கல்யாணத்தைப் பார்த்தாலும் அழுகை வரும். ஆள் அனுப்பும் நிறுவனத்துக்காரன் அவளையே கேட்டுக் கூப்பிட ஆரம்பித்தான். வசந்தம் போய்க் கோடை வந்தது. கோடை போய் மறுபடி கல்யாண காலம் வந்தது. அவள் எத்தனையோ பெண்களுக்கு அத்தையாகவும் பெரியம்மாவாகவும் இருந்துவிட்டாள். கல்யாண விருந்தில் போடும் மாட்டு விலா எலும்புச் சாற்றைப் பற்றிக் கேட்டாலே மான்போக்குக்குப் பொறாமை வந்தது.

"ஞாயித்துக்கிழமை ஆனா உனக்கு விருந்து, எனக்கு ராம்யோன்," என்று நூடுல்ஸ் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே சொல்வான். "எந்தக் கல்யாணத்துலயாவது சித்தப்பா பத்தலைன்னா சொல்லு."

நவம்பர் பிறந்தபோது இன்னும் கொஞ்சம் குறைந்தது. அப்போதுதான் அந்தப் பெரிய வேலை வந்தது. மணப்பெண் பெயர் நாரே. பெற்றோர் இல்லாமல் விடுதியில் வளர்ந்தவள். மாப்பிள்ளைக்கு அது தெரியும், அவனுடைய அம்மாவுக்குத் தெரியாது. கனடாவில் இருக்கும் ஒரு சித்திதான் வளர்த்தாள் என்று அந்த அம்மாவிடம் சொல்லி வைத்திருந்தார்கள். கல்யாணத்தன்று பெண்ணின் தாய் உட்கார வேண்டிய நாற்காலியில் உட்கார்ந்து, மாப்பிள்ளையின் தாயோடு சேர்ந்து மேடைக்கு நடந்து மெழுகுவர்த்தி ஏற்ற ஒரு சித்தி தேவைப்பட்டாள். கூலி, பத்து சாதாரணக் கல்யாணத்துக்குச் சமம்.

"முடியாது," என்றாள் மால்சுன்.

"மூணாம் மாடி," என்றாள் சாசுக்.

மால்சுன் கையிலிருந்த முள்ளங்கியை நறுக்கி முடித்தாள். பிறகு தலையாட்டினாள்.

வீட்டில் ஒத்திகை நடந்தது. மான்போக் இடுப்பில் நீலத் துண்டைச் சுற்றிக்கொண்டு மாப்பிள்ளையின் அம்மாவாக நின்றான். இருவரும் சமையலறைக் கதவிலிருந்து துணி பீரோ வரை ஒரே அடியாக நடந்தார்கள். பீரோவை இரண்டு முறை கும்பிட்டார்கள்.

"சம்பந்தியம்மா, மெதுவா நடங்க, என் பாவாடை தடுக்குது," என்றான் மான்போக் குரலை மெல்லியதாக்கிக்கொண்டு. மால்சுன் சிரித்த சிரிப்பில், மெழுகுவர்த்திக்காகக் கொளுத்திய தீக்குச்சி அணைந்தது.

கல்யாணத்தன்று ரோஜா நிற ஹன்போக் பாவாடையும் சட்டையும் உடுத்தி, தலையை இழுத்து முடித்து, கனடா சித்தி மண்டபத்துக்குள் போனாள். நாரே அவளைப் பார்த்ததும் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பெண்ணின் விரல்கள் பனிக்கட்டி மாதிரி இருந்தன. "நன்றி, சித்தி," என்றாள். சொல்லிக் கொடுத்த வார்த்தைதான், ஆனால் அவள் கையை விடவேயில்லை. மண்டபத்துக்காரி வந்து பிரித்துக் கூட்டிப்போக வேண்டியிருந்தது.

மெழுகுவர்த்தி ஒரே தடவையில் பற்றியது. கும்பிடு சரியாக விழுந்தது. மால்சுன் வழக்கத்தைவிட அதிகமாக அழுதாள். எல்லாம் முடிந்து இரு குடும்பத்தாரையும் சேர்த்துப் படம் எடுக்கக் கூப்பிட்டார்கள். பெண் வீட்டார் ஒரு பக்கம், மாப்பிள்ளை வீட்டார் மறுபக்கம். "கொஞ்சம் நெருங்கி நில்லுங்க, உள்ளே திரும்புங்க," என்றான் படக்காரன். மால்சுன் உள்ளே திரும்பினாள். எதிர்ப் பக்கத்திலிருந்தவர்களும் திரும்பினார்கள். மாப்பிள்ளைக்கு நேர் பின்னால், முத்துமாலையும் புதிதாகச் சுருட்டிய முடியுமாக, பாங் அம்மா நின்றாள்.

வாடகையை மாதாமாதம் கையில் வாங்கிக்கொண்டிருந்த அதே பாங் அம்மா.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். படக்காரன் சொடுக்கினான். அந்தப் படத்தில் சித்தியின் வாய் பாதி திறந்திருக்கிறது. நாரேயின் வீட்டுக் கூடத்தில் இன்றும் அது மாட்டியிருக்கிறது.

மாப்பிள்ளையின் அம்மா பாங் அம்மாவை இழுத்து வந்து நிறுத்தினாள். "அண்ணி, இவங்கதான் பொண்ணோட சித்தி. கனடாவுலேருந்து வந்திருக்காங்க. சம்பந்தியம்மா, இவங்க என் வீட்டுக்காரரோட அக்கா."

சம்பந்தி என்றால் சும்மாவா? முதுகு வளைய வேண்டும், வார்த்தைக்கு வார்த்தை மரியாதை வேண்டும். பாங் அம்மா இரண்டு கையையும் முன்னால் கோத்து, மால்சுனுக்கு முன் இடுப்பு வளையக் குனிந்தாள்.

"ரொம்ப தூரத்துலேருந்து வந்திருக்கீங்க," என்றாள். "வழியில சிரமம் ஒண்ணும் இல்லையே?"

"இல்லைங்க," என்றாள் மால்சுன். விருந்துக்கு உட்கார்ந்தும் சாப்பிடவில்லை. விலா எலும்புச் சாறு ஆறிப் போயிற்று. மூன்றாம் மாடி போயிற்று என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அது போனால் போகட்டும். பாங் அம்மா வீட்டுக்குப் போய்த் தம்பி பெண்டாட்டியிடம் ஒரு வார்த்தை சொன்னால் அந்தக் குளிர்ந்த விரல்களின் கதி என்ன?

மறுநாள் காலை கூலிப் பணத்தை மான்போக்கிடம் கொடுத்து நடந்ததைச் சொன்னாள். மேல் மாடியில் குடியிருக்கும் பாங் அம்மாவைப் பார்க்கக் கிளம்பினாள்.

"மேலே போய் என்ன சொல்லப் போறே?"

"வீடு வேண்டாம்னு."

மான்போக் ஜன்னல் பக்கம் பார்த்தான். தெருவில் யாரோ புது ஷூ போட்டுக்கொண்டு போனார்கள். "சரி, போயிட்டு வா," என்றான். "நமக்கென்ன, இங்கேயே பழகிப் போச்சு."

மால்சுன் மாடிப்படி ஏறிப் போய்க் கதவைத் தட்டினாள். திறந்ததும் வாசலிலேயே நின்று, வாழ்நாளில் பேசாத வேகத்தில் பேசினாள். "அம்மா, மூணாம் மாடி எனக்கு வேண்டாம். அந்த ஜோடிக்கே கொடுங்க. வேணும்னா அடித்தளத்தையும் காலி பண்ணிடுறோம். அந்தப் பொண்ணைப் பத்தி மட்டும் யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. தப்பு அவமேல இல்லை. கூலி வாங்கினவ நான்தான்."

பாங் அம்மா அவளைக் கண்ணெடுக்காமல் பார்த்தாள். "ஒண்ணு மட்டும் சொல்லு. கனடா எப்போ என் அடித்தளத்துக்குக் குடிவந்துச்சு?"

மால்சுன் தரையைப் பார்த்தாள். எதிரிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகிறாளோ என்று நிமிர்ந்தால், பாங் அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள்.

"உள்ளே வா. காலை நீட்டி உட்காரு. நேத்து உனக்குக் குனிஞ்சு குனிஞ்சு என் இடுப்பு போச்சு." ஒரு பேரிக்காயை எடுத்துத் தோல் சீவத் தொடங்கினாள். "என் தம்பி மகனுக்கு வயசு என்னன்னு தெரியுமா? நாப்பதைத் தொடப் போறான். பொண்ணு பார்க்கப் போன எடத்துல எல்லாம் தொட்டியில வளர்க்கிற மீனைப் பத்தியே பேசிட்டு வருவான். எல்லாரும் எழுந்து போயிடுவாங்க. இந்த ஒரு பொண்ணுதான் வாயைப் பொளந்துக்கிட்டு மீன் கதை கேக்குது. அவ தெருவிளக்குக் கம்பத்தைக் கொண்டுவந்து நிறுத்தி இதுதான் என் சித்தின்னு சொன்னாலும் நான் கும்பிட்டிருப்பேன்."

"அப்போ, சொல்ல மாட்டீங்களா?"

"எதுக்குச் சொல்றேன்? என் தம்பி பொண்டாட்டி என்ன சொன்னா தெரியுமா? 'அண்ணி, நல்ல கண்ணியமான குடும்பம், அந்தச் சித்தி ஒரு வார்த்தை அதிகமாப் பேசலை' அப்படிங்கிறா. அவளுக்கு யாரையாவது பிடிச்சு நான் பார்த்ததே இல்லை." பேரிக்காய்த் துண்டு ஒன்றைக் குச்சியில் குத்தி நீட்டினாள். "ஒரு சிக்கல் இருக்கு. அவ மாசத்துக்கு இரண்டு தடவை என் வீட்டுக்கு வருவா. நீ குப்பை போட வரும்போது பார்த்துட்டா? அதனால நானே சொல்லிட்டேன், சித்தி கனடாவை விட்டே வந்துட்டாங்க, என் மூணாம் மாடியை ஒத்திக்கு எடுத்திருக்காங்கன்னு. கனடாவுலேருந்து வந்தவ அடித்தளத்துல இருந்தா நல்லாவா இருக்கும்? என்னைத்தான் காறித் துப்புவாங்க."

பேரிக்காய் மால்சுனின் கையிலேயே நின்றது. "பணம் இன்னும் கொஞ்சம் குறையுதேம்மா. நேத்து வாங்கின கூலியைச் சேர்த்தாலும்."

"எவ்வளவு?"

மால்சுன் சொன்னாள்.

"இதுக்கா முகத்தை இப்படி வெச்சிருக்கே? வசந்தத்துல கொடு. பேசின தொகையில ஒரு வோன் குறைக்க மாட்டேன், அதையும் கேட்டுக்கோ. சலுகை கொடுத்தா நாளைக்கு என் தலையில ஏறுவே." பேரிக்காயில் இன்னொரு துண்டு நறுக்கினாள். "அப்புறம், இனிமே எந்தக் கல்யாணத்துக்குப் போறதா இருந்தாலும் என்கிட்ட மண்டபம் பேரைச் சொல்லிட்டுப் போ. எங்க சொந்தம் பெருசு. அந்தப் பொண்ணுகிட்ட எனக்குத் தெரியும்னு காட்டிக்காதே. பாவம், பயந்துடும்."

கீழே இறங்கி வந்த மால்சுன் வாசலில் நின்று அழுதாள். மான்போக் பதறி எழுந்தான். விஷயத்தைக் கேட்டதும் நீலத் துண்டை எடுத்து இடுப்பில் சுற்றிக்கொண்டு அவளுக்கு ஒரு கும்பிடு போட்டான்.

நவம்பர் கடைசியில் குடிபோனார்கள். சாமான் ஒன்றும் அதிகமில்லை. முதல் நாள் காலை மால்சுன் எல்லாப் போர்வைகளையும் அலசித் தெற்கு ஜன்னலோரம் உலர்த்தினாள். மத்தியானம் தொட்டுப் பார்த்தாள், காய்ந்திருந்தது. நம்பாமல் மறுபடி தொட்டாள். பிறகு அந்த வெயிலில் தரையில் படுத்துத் தூங்கிவிட்டாள்.

புது வீட்டைப் பார்க்க வந்தவர்கள், குடிபோனவர்களுக்குக் கொடுக்கும் ஊர் வழக்கப்படி கழிவறைத் தாள் சுருளும் சலவைத்தூளும் கொண்டுவந்து வாசலில் குவித்தார்கள். சாசுக் வந்தாள். மாமியார் சொல்லிக் கேள்விப்பட்ட நாரே புருஷனோடு வந்தாள். அவன் மான்போக்கை உட்கார வைத்து மீன் பற்றிப் பேச ஆரம்பித்தான். பஸ் ஓட்டிப் பழகிய மான்போக் பொறுமையாகக் கேட்டான். பாங் அம்மா முத்துமாலையோடு வந்து, "சம்பந்தியம்மா, வீடு வசதியா இருக்குங்களா?" என்று குனிந்தாள். சாசுக் சிரிப்பு தாங்காமல் கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நாரே சமையலறைக்கு வந்து, கீரை பிழிந்துகொண்டிருந்த மால்சுனின் பக்கத்தில் நின்றாள்.

"இனிமே நிறுவனத்துக்கு நான் பணம் கட்டலை," என்றாள் மெதுவாக. "ஆனாலும் சித்தின்னு கூப்பிடலாமா?"

மால்சுன் தலையாட்டினாள்.

"கோடையில குழந்தை பிறக்கப் போகுது. இன்னும் யார்கிட்டயும் சொல்லலை. முதல் பிறந்தநாள் விருந்துக்கு எங்க பக்கத்துல உட்கார ஆள் வேணும். நீங்களும் சித்தப்பாவும் வருவீங்களா?"

மால்சுன் கையிலிருந்த கீரையைக் கிண்ணத்தில் வைத்தாள். அந்தப் பெண்ணின் விரல்களை எடுத்துப் பார்த்தாள், சூடாக இருந்தன.

"எவ்வளவு கொடுப்பே?" என்று கேட்டாள்.

நாரே அவள் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு இருவரும் சிரித்த சிரிப்பில், கூடத்தில் மீன் கதை பாதியில் நின்றது.