பீங்கான்மேல் நின்ற பைக்

எந்த பைக் ஜாக்கி நல்லது என்று ஒரு மாதம் படித்தேன், வாங்கத்தான் இல்லை. எங்கள் ஊர் பீங்கான் கம்பெனி கழித்த இன்சுலேட்டர்கள் வீட்டில் கிடந்தன. மின்கம்பியைத் தாங்குவது பைக்கைத் தாங்காதா? விருத்தாசலத்துக்காரன் புத்தி அப்படித்தான் போகும்.

ஆயில் சுலபமாக வடியட்டும் என்று எஞ்சினைச் சூடாக்கி அணைத்துவிட்டு, அடியில் இரண்டு இன்சுலேட்டர்களை முட்டுக்கொடுத்தேன். கையை விட்டு நட்டைத் திருகும்போது ஒன்று படக்கென்று உடைந்தது. டீயோடு வந்த மனைவி டம்ளரைப் போட்டுவிட்டு, சாய்ந்த வண்டியைக் காலால் அணைத்து ஹேண்டில்பாரைப் பிடித்தாள். என் விரல்கள் எஞ்சினுக்கும் தரைக்கும் நடுவில்.

“எடுத்துட்டீங்களா?”

“வரலடி. வுட்டுடாத!”

“வுடல. ஒரு மாசம் படிச்சீங்களே, இது அதுல இல்லியா?”

வண்டி இன்னும் கொஞ்சம் இறங்கியது. மூச்சைப் பிடித்து விரல்களை உருவினேன்.

“வந்துடுச்சி!”

வண்டியைச் சாயவிட்ட பிறகுதான் அவள் “ஸ்ஸ்” என்று உட்கார்ந்தாள். அதுவரை அவள் கெண்டைக்கால் சைலன்சரில் வெந்துகொண்டிருந்திருக்கிறது.

“சொல்றதுக்கென்ன?”

“சொன்னா பதறுவீங்க. விரல் போயிருக்கும்.”

மறுநாளே அகலமான அடித்தட்டும் லாக்கும் உள்ள ஜாக்கி வாங்கினேன். வண்டியை ஏற்றி, லாக் போட்டு, ஆட்டிப் பார்த்தேன், அசையவில்லை. காலில் கட்டோடு அவள் வந்து ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டாள்.

“அதான் ஜாக்கி இருக்குதே?”

“இருக்கட்டும். நீங்க வேலையப் பாருங்க.”

நானும் பிடியை விடச் சொல்லவில்லை.