கொடைக்கு அடித்த செண்டு

என் வீட்டுக்காரரின் வலது முன்னங்கையில் ஒரு பல் தடம் இருக்கிறது. யாராவது கேட்டால் நாய் கடித்தது என்பார். அந்த நாய் நான்தான். கடித்ததற்காக இன்றுவரை நான் வருத்தப்பட்டதில்லை. இன்னும் கொஞ்சம் ஆழமாகக் கடித்திருக்கலாம் என்று சில நாள் தோன்றும்.

எனக்குச் சின்ன வயதிலிருந்தே இழுப்பு உண்டு. தூசியையும் பனியையும் ஒருவாறு சமாளித்துவிடுவேன். வாசனைதான் ஆகாது. செண்டு, உடம்பில் அடிக்கும் ஸ்பிரே, முகப்பவுடர், தலைக்குப் பூசும் ஜெல் என்று எது எப்போது நெஞ்சைப் பிடிக்கும் என்று எனக்கே தெரியாது. முதலில் தொண்டைக்குழியில் ஒரு அரிப்பு. அப்புறம் நெஞ்சைச் சுற்றி யாரோ கயிறு கட்டி இறுக்குவதுபோல இருக்கும். காற்று உள்ளே போகாது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உள்ளே போன காற்று வெளியே வராது, அதுதான் சித்திரவதை. பழைய காற்றே நெஞ்சு முட்ட நிற்கும்போது புதுக்காற்றுக்கு எங்கே இடம்? அந்த நேரத்தில் இன்ஹேலரை வாயில் வைத்து இரண்டு அழுத்து அழுத்தி உறிஞ்சினால் கொஞ்ச நேரத்தில் கயிறு தளரும். அது கையில் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று நான் யோசிப்பதே இல்லை.

கங்கைகொண்டானில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறேன். காலையில் கம்பெனி பஸ்ஸில் ஏறினால் நாற்பது பெண்கள், நாற்பது வாசனை. சன்னலோர இடத்துக்காக நான் போடாத சண்டை இல்லை. புதிதாகச் சேர்ந்த ஒருத்தி ஓடுகிற பஸ்ஸுக்குள் ஸ்பிரேயை எடுத்து அக்குளில் அடித்தாள். பிடுங்கி ரோட்டில் எறிந்துவிட்டேன். அன்றிலிருந்து எனக்குச் சண்டைக்காரி என்று பேர். பேர் கெட்டால் கெட்டுவிட்டுப் போகட்டும், மூச்சு விட முடிகிறதே.

பஸ்ஸில் எறிய முடிந்தது. புகுந்த வீட்டில் எறிய முடியவில்லை, ஏனென்றால் அங்கே செண்டு என்பது பாசம். என் கொழுந்தன் வளைகுடாவில் லாரி ஓட்டுகிறான். இரண்டு வருசத்துக்கு ஒருமுறை, குலதெய்வக் கோயில் திருவிழாவான கொடைக்குச் சரியாக வந்து இறங்குவான். பெட்டியைத் திறந்தால் பாதிக்கு மேல் செண்டுப் பாட்டில்தான். கோயிலுக்குப் புறப்படும் முன் வீட்டில் உள்ள அத்தனை பேரையும் வரிசையாக நிற்க வைத்து அவன் கையாலேயே அடித்துவிடுவான். விட்டுப்போனவர்கள் கோபித்துக்கொள்வார்கள். வேண்டாம் என்றால் அவன் கோபித்துக்கொள்வான். கல்யாணமான பதினொரு வருசமும் அவன் வந்த ஒவ்வொரு கொடைக்கும் நான் அடுப்படியில் ஒளிந்து தப்பித்திருந்தேன்.

அந்த வருசம் வாசலிலேயே மாட்டிக்கொண்டேன்.

"எனக்கு வேண்டாம் தம்பி. நெஞ்சடைக்கும்" என்றேன்.

"ஒசத்தி செண்டு மதினி. அங்கன பெரிய பெரிய ஆளுவ போடுதது. இதுல எல்லாம் மூச்சு முட்டாது."

"ஆசையா கொண்டாந்திருக்கான். ஒரு சொட்டு மேல பட்டா செத்தா போவா?" என்றாள் அத்தை, என்னிடம் இல்லை, சுவரிடம்.

நான் திரும்பி உள்ளே நடந்தேன். பின்னாலேயே வந்து, குளித்து ஈரம் காயாத என் தலையிலும் முதுகிலும் சர் சர்ரென்று ஐந்தாறு முறை அடித்துவிட்டுச் சிரித்தான் பாவி. என் வீட்டுக்காரரும் சேர்ந்து சிரித்தார்.

"விடுட்டி. வெளிய போனா காத்துல பறந்துரும்" என்றார்.

செவிட்டில் ஒன்று விட்டிருந்தால் எல்லாம் அங்கேயே முடிந்திருக்கும். நல்ல நாளும் அதுவுமாக என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். ஈரத்துண்டால் துடைத்தேன், போகவில்லை. சேலை மாற்ற நேரமில்லை, வேன் வந்துவிட்டது.

கோயில் சேரன்மகாதேவி தாண்டி ஆற்றங்கரையில், வாழைத்தோப்புக்கு நடுவில் இருக்கிறது. வேனில் தலையைச் சன்னலுக்கு வெளியே நீட்டியபடியே போனேன். இறங்கியதும் ஒரு தடவை இன்ஹேலர் எடுத்தேன். கொஞ்சம் தேவலை. மதியக் கொடைக்குப் பால்குடம் எடுக்க வேண்டும், அதனால் கைப்பையை வீட்டுக்காரரிடம் கொடுத்தேன்.

"தோள்ல மாட்டிக்கிடுங்க. எங்கயும் வச்சிராதீங்க, உள்ள மருந்து இருக்கு."

"சரி சரி" என்று மாட்டிக்கொண்டார்.

உச்சி வெயில். தலையில் குடம். முதுகில் வேர்வை வழிய வழிய அந்தச் செண்டு மறுபடி உயிர் பிடித்து எழும்பியது. முன்னால் போகிறவள் மேலும் அதே செண்டு, பின்னால் வருகிறவள் மேலும் அதே செண்டு. எங்கள் குலதெய்வம் மாடனின் பீடத்துக்குப் பத்தடி தூரத்தில் நெஞ்சு பூட்டிக்கொண்டது. குடம் கை நழுவி விழுந்து உடைந்தது. முட்டியில் கை ஊன்றிக் குனிந்தேன். கொண்டை அவிழ்ந்து முடி முகத்தில் விழுந்தது. உஸ் உஸ்ஸென்று விசில் மாதிரி சத்தம் என்னிடமிருந்து வந்தது. உடம்பு முழுக்க உதறியது.

"சாமி வந்துட்டு!" என்று யாரோ கத்தினார்கள்.

அவ்வளவுதான். மேளக்காரர்கள் என்னைச் சூழ்ந்துகொண்டு அடியைக் கூட்டினார்கள். பெண்கள் குலவை போட்டார்கள். நான் இல்லை இல்லை என்று தலையை ஆட்டினேன். சாமி ஆடுகிறவர்களும் அப்படித்தானே ஆட்டுவார்கள்! பூசாரி ஒரு பாட்டில் பன்னீரை என் தலையில் கவிழ்த்தார். ரோஜா வாசனை மூக்கு வழியாகவும் வாய் வழியாகவும் இறங்கியது. இன்னொருவர் சாம்பிராணித் தட்டை என் தாடைக்குக் கீழே பிடித்தார். கண் இருட்டியது. செத்துப்போவேன் என்று எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. இத்தனை பேர் கும்பிட்டுக்கொண்டிருக்கும்போதே சாகப்போகிறேன்.

தட்டை எட்டி உதைத்தேன். கங்கு சிதறிப் பூசாரியின் காலில் விழுந்தது. என் கையைப் பிடித்த இரண்டு பெண்களில் ஒருத்தியை முழங்கையால் குத்தினேன், அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அத்தை "என்ன கொற வச்சோம் சாமி" என்று முகத்தருகே வந்தாள். விலகு என்று வீசிய கை அவள் வாயில் பட்டு உதடு கிழிந்தது. ரத்தம் மோவாயில் வழிய அவள் இன்னும் பணிவாகக் கும்பிட்டாள். நான் அடிக்க அடிக்க அவர்களுக்கு நம்பிக்கை கூடிக்கொண்டே போனது.

பேச ஒரு துளி மூச்சு இல்லை. கடைசியாக, இன்ஹேலர் பிடிப்பதுபோலக் கையை மடக்கி வாயருகே கொண்டுபோய்க் காட்டினேன். ஒரு முறை, இரண்டு முறை, மூன்று முறை.

"சுருட்டு கேக்கான்! மாடன்லா வந்திருக்கான்! பொம்பள மேல மாடன் வந்திருக்கான்!"

கூட்டம் சிலிர்த்தது. படையலில் இருந்த சுருட்டை ஒருவர் எடுத்து நீட்ட, அதை வாங்கிக்கொண்டு வந்தவர் யார் என்று நினைக்கிறீர்கள்? என் வீட்டுக்காரர். பதினொரு வருசம் என் பக்கத்தில் படுத்து இந்த விசில் சத்தத்தைக் கேட்ட மனுசன். சுருட்டைத் தன் வாயில் வைத்து இழுத்து நன்றாகப் பற்றவைத்தார். என் முன்னால் மண்டியிட்டார். கண்ணில் நீர்.

"கோவப்படாத சாமி. இந்தா, வாங்கிக்கோ" என்று புகையோடு என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

அவர் தோளில் என் கைப்பை தொங்கியது.

பாய்ந்தேன். இரண்டு பேரும் உருண்டோம். பை வாரைப் பிடித்து இழுத்தேன், அவர் கை குறுக்கே வந்தது, கடித்தேன். வாயில் உப்புக் கரித்தது. விடவில்லை. அவர் அலறிக் கையை உருவியதும் பையைப் பறித்தேன். ஜிப்பு மாட்டிக்கொண்டது, ஓரத்தைக் கிழித்தேன். சீப்பு, சில்லறை, வீட்டுச் சாவி எல்லாம் மண்ணில் கொட்டின. இன்ஹேலர் கிடைத்தது. வாயில் வைத்து அழுத்தினேன். பாதிதான் உள்ளே போனது. மறுபடி அழுத்தினேன். மறுபடி.

மேளம் நின்றுவிட்டது. அடுத்து மாடன் என்ன செய்யப்போகிறான் என்று எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கொஞ்சம் கொஞ்சமாக விசில் தேய்ந்தது. வானம் வானமாகத் தெரிந்தது. எதிரே வீட்டுக்காரர் ரத்தம் ஒழுகும் கையைப் பிடித்தபடி என் கையிலிருந்த இன்ஹேலரைப் பார்த்தார். அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. முகம் வெளுத்துவிட்டது. எனக்கு அந்த நிமிசம் அவர் மேல் இரக்கம்கூட வந்தது, பொய் சொல்ல மாட்டேன். இப்போது சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். இது சாமி இல்லை, இவளுக்கு மூச்சு முட்டிவிட்டது, நாங்கள்தான் முட்ட வைத்தோம் என்று ஒரு வார்த்தை.

பூசாரி நொண்டிக்கொண்டே வந்து அவரிடம் கேட்டார்: "என்னவே, மலையேறியாச்சா?"

வந்த சாமி இறங்கிப்போயிற்றா என்று அர்த்தம். வீட்டுக்காரர் உதடு கிழிந்த தன் அம்மாவைப் பார்த்தார். வாய் பிளந்து நின்ற தம்பியைப் பார்த்தார். சுற்றி நின்ற சொந்தபந்தத்தைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை.

"ஆமா அண்ணாச்சி. மலையேறிட்டான்."

எழுந்து நின்று, இருந்த பலத்தையெல்லாம் கூட்டி அவர் கன்னத்தில் அறைந்தேன்.

"மாடன் அடிக்கல. நான் அடிச்சேன். இவருக்குத் தெரியும், கேளுங்க" என்றேன். மூச்சு வாங்கினாலும் வார்த்தை தெளிவாகத்தான் வந்தது.

கூட்டம் இரண்டடி பின்வாங்கியது. "இன்னும் எறங்கல. பன்னீரக் கொண்டாங்க" என்றாள் அத்தை. மேளம் மறுபடி தொடங்கியது. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்ற என் வீட்டுக்காரர், எல்லாம் தெரிந்தும், இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி என்னைக் கும்பிட்டார்.