நான் வரைந்த மெனு கார்டு

கல்யாணமாகி சிவகாசிக்கு வந்த மூன்றாவது வருடம், எங்கள் அச்சகத்துக்குச் சென்னையிலிருந்து ஒரு மெனு கார்டு ஆர்டர் வந்தது. அதுவரை நாங்கள் அடித்ததெல்லாம் பட்டாசுப் பெட்டி லேபிள்களும் காலண்டர்களும்தான். லேபிள் படங்களை நான் வரைவேன். விஸ்வநத்தம் பக்கத்துப் பட்டாசுக் கம்பெனிக்காரர்கள் மயில் கேட்டால் மயில், கிளி கேட்டால் கிளி. விருதுநகரில் அம்மா வீட்டில் இருக்கும்போதே பழகிய கை அது. வெளியே போய் ஆர்டர் பிடிப்பது, பேசுவது எல்லாம் என் வீட்டுக்காரர். இரண்டு பேரும் சேர்ந்து தொழில் நடத்துகிறோம் என்று தோழிகளிடம் பெருமையாகச் சொல்லிக்கொள்வேன்.

ஆர்டர் கொடுத்தது ஒரு பெரிய இத்தாலிய உணவகம். பாஸ்தாவை மெஷின் இல்லாமல் கையாலேயே செய்வார்கள் என்று அதற்கு நல்ல பேர். அதனால் கார்டிலும் போட்டோ வேண்டாம், பன்னிரண்டு வகைப் பாஸ்தாவையும் கையால் வரைந்துதான் போட வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். பார்த்து வரைய ஈமெயிலில் சில படங்கள் அனுப்பினார்கள்.

நான் அதற்கு முன் பாஸ்தாவைக் கண்ணால் பார்த்ததில்லை. படத்தைப் பார்த்து வரைந்தால் தட்டையாக வந்தது. மடிப்பு எங்கே தொடங்குகிறது, உள்பக்கம் குழிவா மேடா, ஒன்றும் பிடிபடவில்லை. நாலைந்து தாளைக் கிழித்துப் போட்ட பிறகு ஒரு மத்தியானம், சமையல் வேலை முடிந்த கையோடு, மைதாவில் முட்டை ஊற்றிப் பிசைந்தேன். உருட்டினேன், நறுக்கினேன், விரலால் அமுக்கினேன். காது மடல் மாதிரி ஒரு வகை உண்டு. அதுதான் ரொம்பப் படுத்தியது. கட்டை விரலால் அமுக்கி, இழுத்து, அப்படியே விரல் நுனியில் கவிழ்த்தால் அந்தக் குழி தானாக விழுகிறது என்பதைக் கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆனது. செய்ததையெல்லாம் முறத்தில் பரப்பி மொட்டை மாடி வெயிலில் வைத்து, பக்கத்திலேயே உட்கார்ந்து நிழல் விழுவதைப் பார்த்து வரைந்தேன்.

துணி காயப்போட வந்த அத்தை, அதாவது என் மாமியார், முறத்தை எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா இது, இந்த வருசம் வத்தலுக்குக் காது மொளச்சிருக்கு?"

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கீழே போய் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"மாவை எதுக்குப் போட்டு வீணாக்குத? படத்தப் பாத்து அப்படியே வரைஞ்சா ஆகாதா?"

இருந்தாலும் பன்னிரண்டையும் முடித்துக் கொடுத்தேன். கார்டு மெஷினில் ஏறிய வாரம் நான் மாரியம்மன் கோயில் பங்குனிப் பொங்கலுக்காக விருதுநகர் போயிருந்தேன். திரும்பி வந்தபோது கட்டெல்லாம் லாரி ஆபீசுக்குப் போய்விட்டது. எனக்கென்று ஒரு கார்டாவது எடுத்து வைக்கவில்லையா என்று கேட்டேன்.

"எண்ணித்தான் அடிச்சோம், மிச்சம் விழல" என்றார்.

எந்த ஆர்டரிலும் நாலைந்து கூடுதலாக விழும். அச்சகத்து வீட்டில் இருந்துகொண்டும் அன்றைக்கு அது எனக்கு உறைக்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து உணவகத்தின் முதலாளியம்மா போன் செய்தார். கார்டு அவர்களுக்கு ரொம்பப் பிடித்துவிட்டதாம், குடும்பத்தோடு வந்து ஒரு நாள் மத்தியானம் சாப்பிட வேண்டுமாம். "நீ எதுக்கு அம்புட்டு தூரம் வந்துக்கிட்டு" என்று என் வீட்டுக்காரர் இழுத்தார். நான் விடவில்லை. நான் வரைந்ததைத் தின்றுதான் பார்ப்போமே என்று எனக்கு ஆசை. கல்யாணப் பட்டுகளில் நன்றாக இருந்ததை எடுத்துக் கட்டிக்கொண்டேன்.

வெள்ளைத் துணி விரித்த மேஜை, ஆளுக்கு மூன்று கண்ணாடித் தம்ளர். ஒரு பக்கம் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால், தொப்பி வைத்த இத்தாலிக்காரர் ஒருவர் நின்று மாவை உருட்டிக்கொண்டிருந்தார். முதலாளியம்மா கைத்தறிச் சேலையில் வந்து எங்களோடு உட்கார்ந்தார். அவர் பேச்சு என் வீட்டுக்காரரைப் பார்த்தே இருந்தது.

"உங்களை நேர்ல பார்க்கணும்னு எவ்வளவு நாளா நினைச்சேன் தெரியுமா? என்ன கை சார் உங்களுக்கு!"

அச்சடித்ததைச் சொல்கிறார் என்று நினைத்தேன். அவர் என் பக்கம் திரும்பிச் சிரித்தார்.

"ராத்திரியெல்லாம் முழிச்சு மாவு பிசைஞ்சு, உருட்டிப் பார்த்துத்தான் வரைஞ்சாராமே உங்க வீட்டுக்காரர்! அவங்க அம்மா வந்து வத்தலுக்குக் காது முளைச்சிருக்குன்னாங்களாம். சொல்லிச் சொல்லிச் சிரிச்சோம். நீங்க மாவு வீணாகுதுன்னு சண்டை போட்டீங்களாமே?"

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் தம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் முன்னால் கிடந்த கார்டை எடுத்துக் கடைசிப் பக்கத்தைப் புரட்டினேன். ஓவியங்கள் என்று ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் போட்டு, அதற்குக் கீழே என் வீட்டுக்காரர் பெயர் இருந்தது.

பெயரைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். அந்த மத்தியானங்களையும், மாடி வெயிலையும், அத்தை சொன்னதைக் கேட்டு நான் சிரித்த சிரிப்பையும் எடுத்துக்கொண்டு, அவர் என்னைத் திட்டிய திட்டை மட்டும் என் பங்குக்கு வைத்திருந்தார்.

"நீங்களும் வரைவீங்களா?" என்று அந்தம்மா கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் என் வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். "கோலம் நல்லாப் போடுவா."

தட்டு வந்தது. காது பாஸ்தாதான். தக்காளிக் குழம்பு போல ஒன்று குழிக்குள் தேங்கி நின்றது. வேண்டாவெறுப்பாக ஒன்றை எடுத்து வாயில் போட்டேன். மென்றால் லேசாக எதிர்த்து நிற்கிற பக்குவம், நன்றாகவே இருந்தது. அத்தனை ஆத்திரத்திலும் தட்டைக் காலி செய்துவிட்டேன். அது எனக்கு இன்னும் அவமானமாக இருந்தது.

சாப்பிட்டு முடித்ததும் முதலாளியம்மா எங்களைத் தடுப்புக்குப் பின்னால் கூட்டிப் போனார். இத்தாலிக்காரர் என் வீட்டுக்காரரின் கையைக் குலுக்கி, ஒரு துண்டு மாவை நீட்டிச் செய்து காட்டச் சொன்னார். என் வீட்டுக்காரர் உருட்டினார், அமுக்கினார். பிள்ளைகள் களிமண்ணில் பிடித்தது போல ஒரு கட்டி வந்தது. "டச் விட்டுப் போச்சு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

யோசித்துச் செய்தேனா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. பலகையிலிருந்து ஒரு துண்டை எடுத்தேன், கட்டை விரலால் அமுக்கி, இழுத்து, கவிழ்த்தேன். இன்னொன்று செய்தேன். மூன்றாவதும். இத்தாலிக்காரர் சிரிப்பை நிறுத்திவிட்டு என் கையையே பார்த்தார். முதலாளியம்மா என்னைப் பார்த்தார், பிறகு என் வீட்டுக்காரரைப் பார்த்தார். அந்தம்மாவுக்குப் புரிந்துவிட்டது. ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும், நானும் சொல்லியிருப்பேன்.

அவர் கேட்கவில்லை. "வாங்க, ஸ்வீட் சாப்பிடலாம்" என்று முன்னால் நடந்தார்.

எழும்பூருக்குப் போகும் ஆட்டோவில் நான்தான் பேச்சை எடுத்தேன்.

"ஏன் அப்படிச் சொன்னீக?"

"யாவாரத்துல பேசுற பேச்சுதான். வீட்டுல இருக்க பொம்பள வரைஞ்சதுன்னு சொன்னா, அவுக பெரிய இடம், நம்பிக் குடுப்பாகளா? கம்பெனி நம்ம ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான?"

"சரி. அத்தை சொன்னதை எதுக்குச் சொன்னீக?"

"எது, வத்தலா? அதுல என்ன இருக்கு?"

மறைக்கிறார் என்று தோன்றவில்லை. உண்மையிலேயே அவருக்குப் புரியவில்லை.

ஊருக்கு வந்து வரைகிற மேஜையை மூடினேன். என் வீட்டுக்காரர் லேபிள் படம் கேட்டு வந்தபோது, "வரைஞ்சவுகளையே வரையச் சொல்லுங்க" என்றேன். அவர் கோபப்பட்டார், கெஞ்சினார், கடைசியில் கம்ப்யூட்டர் படங்கள் நிறைந்த சிடி ஒன்றை வாங்கி வந்தார். அந்தத் தீபாவளி சீசன் முழுக்க அதை வைத்தே ஓட்டினார். நான் தெருவில் நாலு பிள்ளைகளுக்கு டிராயிங் சொல்லிக்கொடுத்தேன்.

அடுத்த வருடம் விஸ்வநத்தத்துக் கம்பெனிக்காரர் ஒருவர் வந்து, பழைய கையில் வரைந்த மயில்தான் வேண்டும் என்று பிடிவாதமாக உட்கார்ந்தார். உள்ளே நான் காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் எனக்குக் கேட்கிற மாதிரி உரக்கச் சொன்னார்.

"அது என் வீட்டுல வரைஞ்சது அண்ணாச்சி. அவதான் எல்லாம் வரைஞ்சது."

"அப்படியா, நல்லது. எப்பக் கிடைக்கும்?" என்றார் வந்தவர்.

அவ்வளவுதான். நம்பமாட்டார்கள் என்று ஆட்டோவில் சொன்னாரே இவர், வந்த மனுஷர் ஆச்சரியம்கூடப் படவில்லை. என் வீட்டுக்காரர் உள்ளே வந்து வாசல்படியில் நின்றார். நான் அழுவேன், இல்லை சிரிப்பேன் என்று எதிர்பார்த்திருக்க வேண்டும்.

"பத்து நாள் ஆகும்னு சொல்லுங்க" என்றேன். "கீழ என் பேரு வரணும். அச்சுக்கு ப்ளேட்டு போடும்போது நான் பக்கத்துல இருப்பேன்."

சரி என்று தலையாட்டிவிட்டுப் போனார். அந்த மயிலை நன்றாகத்தான் வரைந்தேன். ஆனால் அதற்குப் பிறகு, வேலைக்கு நடுவில் நடந்த வேடிக்கை எதையும் நான் அவரிடம் சொல்வதில்லை.