சாமிக்கு எடுத்த முடி

1. என் இரண்டு வயது மகளுக்குக் கல்லீரலில் புற்றுநோய்க் கட்டி.
2. கீமோதெரபியில் கட்டியைச் சுருக்கிய பிறகு அறுவை சிகிச்சை என்றார்கள்.
3. முதல் கீமோ முடிந்து விளாங்குடி வீட்டுக்கு வந்தபின் முடி கொட்டத் தொடங்கியது.

குலசாமி கோயிலில் அவளுக்கு இன்னும் முதல் மொட்டை போடவில்லை. "முடி அம்புட்டும் தலகாணியில போயிட்டா சாமிக்கு என்னத்தக் குடுக்குறது?" என்றார் கணவரின் அக்கா.

நான் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். "வெள்ளை அணு குறைஞ்சு கெடக்கு அண்ணி. சின்னக் கீறல்கூடப் படக்கூடாது" என்றேன்.

"ஆமா, நீ டெஸ்ட் எடுத்துத்தான் சாமிய நம்புவ!"

மறுநாள் நான் வேலைக்குப் போனதும் அண்ணியும் என் கணவரும் குழந்தையைக் கோயிலுக்குத் தூக்கிப் போய்விட்டார்கள். நான் வீடு திரும்பியபோது அவளுக்கு மொட்டைத் தலை. காதுக்குப் பின்னால் கத்தி பட்ட கீறலில் சந்தனம்.

அடுத்த நாள் காய்ச்சல் கொதித்தது. கிருமி ரத்தத்தில் கலந்து, தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தாள். பிழைத்தாள். ஆனால் இரண்டாவது கீமோ தள்ளிப்போனது.

இப்போது மருத்துவரிடம் நான் தனியாகப் போவதில்லை. கணவரையும் அண்ணியையும் எதிரில் உட்காரவைத்து, எதெல்லாம் கூடாது என்று மருத்துவரையே சொல்லச் சொல்கிறேன்.

கீமோ தொடர்கிறது. கட்டி வெட்டியெடுக்கும் அளவுக்கு இன்னும் சுருங்கவில்லை. அறுவை சிகிச்சைக்கு நாள் குறிக்கவில்லை.